கோமோ நகரின் வோல்ட்டா அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வட இத்தாலியில், சுவிஸ் எல்லைக்குப் பக்கத்தில், கோமோ ஏரிக்கரையில் டெம்பியோ வோல்ட்டியானோ என்ற சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. முதல் மின்கலத்தை உருவாக்கிய அலெஸ்ஸாந்த்ரோ வோல்ட்டா (1745–1827) பிறந்த ஊர் இது. அவர் இறந்து நூறாண்டு ஆனதை ஒட்டி இந்த அருங்காட்சியகம் கட்டப்பட்டு 1928இல் திறக்கப்பட்டது. மிலானுக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கும், சுவிட்சர்லாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம்தான்.

பிள்ளைகளுக்கு இது பிடிக்குமா? எந்த வயதுக்குப் பொருத்தம்?

பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும், கைப்பிடியைச் சுற்றினால் பொறி பறக்கும் என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். இங்கே இருப்பவை கண்ணாடிப் பேழைகளுக்குள் வைத்த பித்தளை, கண்ணாடி, மரக் கருவிகள். தொட முடியாது. எதற்கு எது என்று தெரியாத பிள்ளை கால் மணி நேரத்தில் “போகலாமா?” என்று கேட்டுவிடும்.

ஆனால் வீட்டிலேயே ஒரு மின்னடுக்கை (இரு உலோகத் தட்டுகளையும் ஈர அட்டையையும் மாறி மாறி அடுக்கிய வோல்ட்டாவின் மின்கலம்) செய்து பார்த்துவிட்டு வந்த பிள்ளையின் கதை வேறு. தான் நாணயத்தையும் வாஷரையும் அடுக்கிச் செய்த அதே பொருள் பேழைக்குள் நிற்பதைப் பார்த்ததும் அது நகரவே நகராது. அதனால் எங்கள் முதல் பரிந்துரை எப்போதும் ஒன்றே: முதலில் செய்யுங்கள், பிறகு போங்கள். எட்டு வயதிலிருந்து பதினான்கு வரை நன்றாகப் பொருந்தும். அதற்குச் சிறியவர்களுக்குக் குவிமாடமும் வெளியே இருக்கும் பூங்காவும் போதும்.

அந்த மின்னடுக்கை வீட்டில் எப்படிச் செய்வது?

வேண்டியவை, ஐந்து கலங்களுக்கு:

- 5 சென்ட் யூரோ நாணயம் 5 (எஃகின் மேல் செம்புப் பூச்சு, விட்டம் 21 மி.மீ. சொச்சம்)
- துத்தநாகம் பூசிய எம்10 வாஷர் 5 (வெளிவிட்டம் 20 மி.மீ.)
- தடித்த உறிஞ்சுதாள் அல்லது பூச்சில்லாத அட்டை
- தண்ணீர் 100 மி.லி., உப்பு மட்டமாக ஒரு மேசைக்கரண்டி
- சிவப்பு எல்.இ.டி. ஒன்று, மெல்லிய கம்பித் துண்டு இரண்டு, ரப்பர் வளையம்

இந்தியாவிலோ இலங்கையிலோ செய்பவர்களுக்குச் செம்பு நாணயம் கிடைக்காது. வாகன உதிரிபாகக் கடையில் செம்பு வாஷர் கேளுங்கள், அல்லது மெல்லிய செம்புத் தகட்டை வெட்டிக்கொள்ளுங்கள்.

நாணயங்கள் கறுத்திருந்தால் வினிகரில் உப்புப் போட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்து, கழுவி, துடைத்துக்கொள்ளுங்கள். அட்டையை 18 மி.மீ. வட்டமாக வெட்டுங்கள். நாணயத்தைவிட அது சிறிதாக இருப்பது முக்கியம், ஏன் என்பது கீழே வரும். உப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, வட்டங்களை ஊறவைத்து, எடுத்துப் பிழியுங்கள். ஈரம் இருக்க வேண்டும், சொட்டக் கூடாது.

அடுக்கும் வரிசை: கீழே செம்பு, அதன் மேல் ஈர அட்டை, அதன் மேல் துத்தநாக வாஷர். இது ஒரு கலம். அந்த வாஷரின் மேல் நேராக அடுத்த நாணயம், மறுபடி அட்டை, மறுபடி வாஷர். இப்படி ஐந்து. அடியில் ஒரு கம்பி, உச்சியில் ஒரு கம்பி வைத்து, மொத்தத்தையும் ரப்பர் வளையத்தால் மேலிருந்து கீழாகச் சுற்றிப் பிடித்துக்கொள்ளலாம். எல்.இ.டி.யின் நீண்ட கால் செம்பு முனைக்கு, குட்டைக் கால் துத்தநாக முனைக்கு. அறையை இருட்டாக்கிவிட்டுப் பாருங்கள்.

எல்.இ.டி. எரியவில்லை. எங்கே பிழை?

பத்தில் எட்டுப் பேருக்கு என்று சொல்லும் அளவுக்குப் பொதுவான பிழை அட்டையில் தண்ணீர் அதிகமாக இருப்பது. உப்புநீர் பக்கவாட்டில் வழிந்தால் அது கலங்களை வெளிப்புறமாகவே இணைத்துவிடும். மின்னோட்டம் விளக்குக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியே ஓடிவிடும். அடுக்கின் ஓரங்களைத் துணியால் துடைத்தாலே சில சமயம் விளக்கு எரிந்துவிடும். அட்டையைச் சிறிதாக வெட்டச் சொன்னது இதற்காகத்தான். வோல்ட்டாவுக்கும் இதே தொல்லை இருந்தது: அடுக்கு உயர உயர, மேலே இருக்கும் உலோகத்தின் எடை அட்டையைப் பிழிந்து நீரை வெளியே தள்ளியது.

இரண்டாவது, வாஷர். துருப்பிடிக்காத எஃகு வாஷரும் துத்தநாகம் பூசியதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எஃகை வாங்கியிருந்தால் அடுக்கு வேலை செய்யாது. பொட்டலத்தில் ‘துத்தநாகப் பூச்சு’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, வரிசை மாறியிருக்கலாம். ஒரே ஒரு கலம் தலைகீழாக இருந்தால் அதன் மின்னழுத்தம் சேராமல் போவதோடு, இன்னொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் அழித்துவிடும். ஐந்து கலம் மூன்றாகிவிடும். வாஷரும் அடுத்த நாணயமும் சந்திக்கும் இடம் உலர்ந்திருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அங்கே ஈரப்படலம் நின்று இரண்டையும் பிரித்துவிட்டால் எதிர்த்திசையில் ஒரு கலம் உருவாகும்.

மல்டிமீட்டர் (மின்னழுத்தம் அளக்கும் கருவி) இருந்தால் வேலை சுலபம். நல்ல கலம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.7 முதல் 0.8 வோல்ட் காட்டும். ஐந்து கலம் சேர்ந்தால் மூன்றரை வோல்ட்டுக்கு மேல் வரவேண்டும். சிவப்பு எல்.இ.டி.க்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலே போதும். நீலம், வெள்ளை நிறங்களுக்கு மூன்று வோல்ட் வரை தேவை, ஆகவே சிவப்பையே வாங்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் எரியாவிட்டால் எல்.இ.டி.யைத் திருப்பி வைத்துப் பாருங்கள்.

எரிந்தது, ஆனால் சில நிமிடத்தில் மங்கிவிட்டதே?

அப்படித்தான் ஆகும். செம்பின் மேல் நுண்ணிய ஹைட்ரஜன் குமிழிகள் ஒட்டிக்கொண்டு மின்னோட்டத்தைத் தடுக்கின்றன. வாஷரின் துத்தநாகப் பூச்சும் மிக மெல்லியது. அது கரைந்து அடியில் உள்ள இரும்பு வெளிப்பட்டதும் அழுத்தம் இறங்கிவிடும். அடுக்கைப் பிரித்து, துடைத்து, புது அட்டை வைத்தால் மறுபடி கொஞ்ச நேரம் எரியும்.

குமிழிச் சிக்கலுக்கு நல்ல தீர்வு 1836இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஜான் டேனியல் செய்த இரு திரவ மின்கலத்தோடு வந்தது. பெரிய பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். வோல்ட்டாவின் கண்டுபிடிப்பு அன்றே முழுமையாக வந்துவிடவில்லை, அதைப் பயன்படத்தக்கதாக ஆக்கவே முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது என்பது அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

மின்சாரம் உப்புத் தண்ணீரிலிருந்தா வருகிறது?

இல்லை. ஆற்றல் துத்தநாகத்திலிருந்து வருகிறது. துத்தநாகம் கரையும்போது எலெக்ட்ரான்களை விட்டுவிடுகிறது, அவை கம்பி வழியே செம்பை நோக்கிப் போகின்றன. உப்புநீர் உள்ளே பாதையைத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். எலுமிச்சம்பழத்தில் ஆணியும் செம்பும் செருகிச் செய்யும் பள்ளிச் சோதனையிலும் இதுவே நடக்கிறது. பழம் மின்சாரம் தருவதாகச் சொல்லிக்கொடுப்பது தவறு.

வோல்ட்டாவே இதை வேறு விதமாகத்தான் நினைத்தார். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் மின்சாரம் பிறக்கிறது என்பது அவர் கருத்து. அதனால் அவர் காட்டிய அடுக்கு, வெள்ளியும் துத்தநாகமும் சேர்ந்த ஜோடியோடு தொடங்கி அதே ஜோடியோடு முடியும். ஒவ்வொரு முனையிலும் உள்ள கடைசித் தட்டு உண்மையில் வேலையே செய்வதில்லை. உங்கள் பிள்ளை செய்த அடுக்கோடு ஒப்பிட்டால் முனைகள் மாறித் தெரிவதும் இதனால்தான். அருங்காட்சியகத்தில் அடுக்குகளின் அடித்தட்டையும் உச்சித்தட்டையும் கவனிக்கச் சொல்லுங்கள். கூர்மையான பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை அங்கே இல்லை.

உள்ளே எதை எந்த வரிசையில் பார்ப்பது?

நுழைந்ததும் குவிமாடத்தின் கீழே வட்டக் கூடம், அதைச் சுற்றிப் பேழைகள். மாடியில் பதக்கங்கள், ஆவணங்கள், நினைவுப் பொருள்கள். எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்க முயலாதீர்கள். பிள்ளைகளோடு நான்கு பொருள்கள் போதும்.

முதலில் எலெக்ட்ரோஃபோரஸ். 1775இல் வோல்ட்டா இதை அறிவித்தார் (சுவீடனில் இயற்பியலாளர் வில்கே அதற்கு முன்பே இதே விளைவைக் கண்டிருந்தார்). பிசினும் மெழுகும் சேர்த்து வார்த்த ஒரு வட்ட அடை, அதன் மேல் காப்பிட்ட கைப்பிடியுள்ள உலோகத் தட்டு. அடையை ஒரு முறை தேய்த்துவிட்டால் தட்டை வைத்து, தொட்டு, எடுத்து, மறுபடி மறுபடி பொறி வரவழைக்கலாம்.

அடுத்தது வாயுத் துப்பாக்கி. 1776இல் மஜ்ஜோரே ஏரியின் ஆங்கேராவில் சேற்றைக் கோலால் கிளறி, குமிழியாக வந்த வாயுவை வோல்ட்டா பிடித்தார். இன்று நாம் மீத்தேன் என்கிற வாயு அது. அதைக் காற்றோடு ஒரு குடுவையில் அடைத்து மின்பொறியால் வெடிக்கவைத்தால் தக்கை பறக்கும். கோமோவில் இருந்துகொண்டே, மரக்கம்பங்களில் கட்டிய கம்பி வழியே பொறியை அனுப்பி மிலானில் இருக்கும் துப்பாக்கியைச் சுடவைக்கலாம் என்று 1777இல் அவர் எழுதினார். கம்பி வழியே செய்தி அனுப்பும் எண்ணம் அது. பிள்ளைகளின் முகம் மலர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, மின்னடுக்குகள். அதற்குப் பக்கத்தில் ‘கிண்ண வரிசை’யையும் தேடுங்கள்: உப்புநீர் ஊற்றும் கிண்ணங்கள், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வளைந்து போகும் உலோகப் பட்டைகள். அடுக்கில் நீர் பிழிந்து வழிகிற தொல்லையும் அட்டை காய்ந்துபோகிற தொல்லையும் இதில் இல்லை. வீட்டில் துடைத்துத் துடைத்துப் பார்த்த பிள்ளைக்கு இது ஏன் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம்.

நான்காவது, மாடியில் உள்ள பதக்கங்கள். 1801இல் பாரிஸில் நெப்போலியன் முன்னால் வோல்ட்டா தன் அடுக்கைச் செய்துகாட்டினார், அதற்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது. ஐந்து நிமிடம் இதற்குப் போதும்.

மொத்தத்தில் முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இருப்பவை எல்லாம் வோல்ட்டா கையாண்ட அசல் பொருள்களா?

எல்லாம் அல்ல. மின்னடுக்கின் நூற்றாண்டை ஒட்டி 1899இல் கோமோவில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அங்கே வைத்திருந்த வோல்ட்டாவின் கருவிகளில் பெரும்பகுதி ஜூலை 8ஆம் தேதி ஏற்பட்ட தீயில் அழிந்தது. தப்பியவையும், பிறகு பார்த்துச் செய்தவையும் சேர்ந்ததே இன்றைய தொகுப்பு. பிள்ளைகளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். ‘இது அசலா, மறுபடி செய்ததா’ என்று ஒவ்வொரு பேழையிலும் தேடவைப்பதே நல்ல விளையாட்டு.

தவளைக் கால் சோதனையைப் பற்றிப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

நடந்ததைச் சொல்லுங்கள். பொலோன்யா நகரின் மருத்துவப் பேராசிரியர் லூயிஜி கால்வானி, இறந்த தவளையின் கால்கள் இரு உலோகங்கள் பட்டதும் துடிப்பதைக் கண்டார். விலங்கின் உடலிலேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791இல் எழுதினார். வோல்ட்டா முதலில் ஏற்றார், பிறகு மறுத்தார்: மின்சாரம் உலோகங்களால் வருகிறது, தவளைக் கால் அதை உணர்ந்து காட்டும் கருவி மட்டுமே என்றார். தவளையே இல்லாமல் மின்சாரத்தை வரவழைத்துக் காட்டத்தான் அவர் அடுக்கைத் தேடிப் போனார். 1800 மார்ச் 20 தேதியிட்டு லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அவர் எழுதிய கடிதம்தான் உலகத்துக்கு அதை அறிவித்தது. கால்வானி அதைப் பார்க்கவில்லை. 1798இலேயே இறந்துவிட்டார்.

யார் சொன்னது சரி என்று பிள்ளை கட்டாயம் கேட்கும். நரம்பிலும் தசையிலும் மின்சாரம் உண்டு என்பது பின்னால் உறுதியானது, அதில் கால்வானி சரி. அந்தச் சோதனையில் கால் துடித்ததற்கு இரு உலோகங்கள் காரணம் என்பதில் வோல்ட்டா சரி. அந்தக் கடிதத்தில் வோல்ட்டா தன் அடுக்கை மின்திருக்கை மீனின் மின்னுறுப்போடு ஒப்பிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். தவளைகளுக்காக வருத்தப்படும் பிள்ளையை ‘அது அறிவியல்’ என்று வாயடைக்காதீர்கள். அந்த வருத்தம் நியாயமானது.

எலெக்ட்ரோஃபோரஸும் வீட்டில் செய்யலாமா?

செய்யலாம், பத்து நிமிட வேலை. ஒரு தெர்மக்கோல் பலகை, அலுமினியத் தட்டு (கேக் சுடும் மெல்லிய வகை), அதன் நடுவில் கைப்பிடியாக ஒட்டிய தெர்மக்கோல் கோப்பை. பலகையைக் கம்பளித் துணியால் ஒரு நிமிடம் நன்றாகத் தேயுங்கள். கோப்பையைப் பிடித்துத் தட்டைப் பலகை மேல் வையுங்கள். தட்டை விரலால் ஒரு முறை தொட்டு எடுங்கள், சின்னதாகச் சுருக்கென்று இருக்கும். இப்போது கோப்பையைப் பிடித்துத் தட்டை உயர்த்தி, மறு கையின் விரலை அருகே கொண்டுபோனால் பொறி. மறுபடி தேய்க்காமலே இதைப் பல முறை செய்யலாம்.

இடையில் விரலால் தொடுவதை விட்டுவிட்டால் எதுவும் வராது. எல்லோரும் தவறவிடும் படி அதுதான். இன்னொரு எதிரி காற்றின் ஈரம். ஐரோப்பியக் குளிர்காலத்தில் சூடேற்றிய அறையில் அருமையாக வரும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ என்றால் குளிரூட்டிய அறையில் செய்துபாருங்கள்.

எப்படிப் போவது?

மிலானிலிருந்து இரண்டு வழி. சென்ட்ராலே நிலையத்திலிருந்து கோமோ சான் ஜொவான்னிக்கு ஏறக்குறைய 40 நிமிடம். கடோர்னாவிலிருந்து ஏரிக்கரையிலேயே இருக்கும் கோமோ லாகோ நிலையத்துக்கு ஒரு மணி நேரம். சிறு பிள்ளைகள் இருந்தால் இரண்டாவதே வசதி. இறங்கியதும் ஏரி, கரையோரமாகச் சமதளத்தில் நடந்தே போய்விடலாம். சான் ஜொவான்னியிலிருந்து கால் மணி நேர நடை, வெளியே வந்ததும் படிக்கட்டு உண்டு.

சுவிட்சர்லாந்திலிருந்து வருபவர்களுக்கு பெல்லின்சோனா, லுகானோ, கியாஸ்ஸோ வழியே வரும் டிலோ எஸ்10 என்ற வட்டார ரயில் சான் ஜொவான்னி வரை வருகிறது. சூரிச்–மிலான் யூரோசிட்டி ரயில்களில் சில மட்டுமே கோமோவில் நிற்கும், சீட்டு எடுக்கும்போதே பாருங்கள். எல்லையில் சோதனை நடப்பதுண்டு. பெரியவர்கள், பிள்ளைகள் எல்லோருடைய கடவுச்சீட்டும் வதிவிட அட்டையும் கையில் இருக்கட்டும்.

எந்த நாளில் போகக் கூடாது?

திங்கட்கிழமை விடுமுறை. நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்புமுன் கோமோ நகராட்சியின் தளத்தைப் பாருங்கள். அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே சினிகாலியா கால்பந்து மைதானம் இருக்கிறது. கோமோ அணி தன் ஊரில் ஆடும் நாளில் அந்தப் பகுதி முழுக்கக் கூட்டமாகிவிடும். ஆட்ட அட்டவணையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கோடை ஞாயிறுகளில் மாலை ரயில்கள் நிரம்பி வழியும்.

தள்ளுவண்டி கொண்டுபோகலாமா?

முகப்பில் படிகள் இருக்கின்றன, மாடிக்கும் படிதான். கைக்குழந்தை என்றால் துணியில் கட்டித் தூக்கிக்கொள்வது சுலபம்.

வீட்டுச் சோதனைகளில் ஆபத்து உண்டா?

ஐந்து கல அடுக்கால் எந்த அதிர்ச்சியும் வராது. சுவர்ச் செருகியில் இருப்பது 230 வோல்ட், அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்பதைத் தொடங்குமுன் பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எல்.இ.டி.யை 9 வோல்ட் பேட்டரியில் நேராக மாட்டினால் கருகிவிடும். சிறிய வட்டப் பொத்தான் பேட்டரிகளை இந்த விளையாட்டுக்குப் பயன்படுத்தவே வேண்டாம். விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். பயன்படுத்திய உப்புநீரில் துத்தநாகம் கரைந்திருக்கும், ஊற்றிவிட்டுக் கைகழுவுங்கள். நாணயம், வாஷர் எதையும் வாயில் வைக்கக் கூடாது. வாயுத் துப்பாக்கியை எந்த வடிவிலும் வீட்டில் முயலாதீர்கள்.

முடித்த பிறகோ, அருங்காட்சியகம் மூடியிருந்தாலோ, வேறு என்ன இருக்கிறது?

வெளியே பூங்காவில் பிள்ளைகள் ஓடலாம். அங்கிருந்து ஏரிக்குள் நீளும் அலைதடுப்புச் சுவரின் முனையில் கட்டடக் கலைஞர் டேனியல் லீபெஸ்கிண்ட் வடித்த எஃகுச் சிற்பம் நிற்கிறது, 2015இல் வோல்ட்டாவுக்காக வைத்தது. இருபுறமும் தண்ணீர் என்பதால் சிறியவர்களின் கையை விடாதீர்கள். பழைய 10,000 லிரா நோட்டின் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டால், முன்பக்கம் வோல்ட்டாவும் பின்பக்கம் இந்தக் கட்டடமும் இருப்பதைக் கட்டடத்துக்கு எதிரே நின்றே காட்டலாம்.

அரை நாள் மிச்சம் இருந்தால் புருனாத்தே மலைக்குக் கம்பிவட ரயிலில் ஏறுங்கள். 1894இலிருந்து ஓடுகிறது, ஏழு நிமிடப் பயணம். மேலே இறங்கி சான் மௌரிட்சியோ வரை ஏற்றமான நடை இருக்கிறது, அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 1927இல் வோல்ட்டா நினைவாகக் கட்டிய 29 மீட்டர் கலங்கரை விளக்கம் இருக்கிறது, உள்ளே 143 படி. தண்ணீர் புட்டியைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள், கடைசி கம்பிவட ரயிலின் நேரத்தை ஏறும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.